பச்சையம்மாவின் மாவுக்கட்டு

1. கேட்டில் நின்ற மிஷனரி

ஜோயல் வேலைக்கு வந்த முதல் நாள் எங்கள் வாட்ச்மேன் அவரைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். "இங்க யாரும் பார்சல் சொல்லலியே தம்பி" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். எதிர்ச்சாரி ஃப்ரைடு ரைஸ் கடையில் வேலை செய்கிற வடகிழக்கு மாநிலத்துக்காரர் என்று நினைத்துவிட்டார். வந்தவரோ பிலிப்பைன்ஸிலிருந்து எங்கள் கிளினிக்குக்கு இரண்டு வருடத்துக்கு அனுப்பப்பட்ட மிஷனரி. பிசியோதெரபி படித்தவர், வயது இருபத்தாறு. கையில் பெரிய பெட்டி, முகமெல்லாம் வியர்வை. வாட்ச்மேன் சொன்னது பாதி புரிந்து, "பார்சல் இல்ல, நான் ஸ்டாஃப்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய்த்தான் உள்ளே அழைத்து வந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் வசந்தா, ஊர் கிரிவலப் பாதையில் பாதித் தூரத்தில் இருக்கும் அடி அண்ணாமலை. செங்கம் ரோட்டை ஒட்டிய அந்தச் சின்ன மிஷன் கிளினிக்கில் முப்பத்தொரு வருடம் டிரெஸ்ஸிங் ரூம் பார்த்து ரிட்டயர் ஆனவள். தொழுநோய் வந்து, மாத்திரை சாப்பிட்டு, நோய் முழுக்கக் குணமான பிறகும் பாதத்தில் உணர்ச்சி திரும்பாதவர்கள்தான் எங்கள் பேஷண்டுகள். ஆணி குத்தினாலும் தெரியாது, கொள்ளியை மிதித்தாலும் தெரியாது. புண் வந்தால் வலிக்காது. வலிக்காததால் நடப்பார்கள். நடக்க நடக்கப் புண் எலும்பு வரைக்கும் போகும். அதைக் கழுவி, கட்டி, ஆற வைப்பது எங்கள் வேலை. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சாமர்த்தியத்தை எழுதினால் தம்பட்டம் ஆகிவிடும். அதனால் ஜோயலும் நானும் சேர்ந்து கெடுத்த ஒரு பேஷண்டின் காலைப் பற்றி எழுதுகிறேன்.

ஜோயலுக்கு ரமணாசிரமம் பக்கம் ஒரு மாடி அறை பிடித்துக் கொடுத்தோம். அங்கே வெளிநாட்டுக்காரர் என்றாலே தியானத்துக்கு வந்தவர்தான். வீட்டு ஓனர் தினமும் மாடிப்படியில் மறித்து, "இன்னிக்கு எவ்ளோ நேரம் உக்காந்தீங்க?" என்று விசாரிப்பார். "உக்காரல சார், எட்டு மணி நேரம் நின்னேன்" என்பார் ஜோயல். அதையும் ஒரு யோகம் என்று எடுத்துக்கொண்டு அவர் மரியாதையாகத் தலையாட்டுவார். அந்த வீட்டில் கருவாடு வறுக்கக் கூடாது. ஜோயலுக்கோ அவர் ஊரில் காலைச் சாப்பாடே கருவாடும் சோறும்தானாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என் வீட்டுக்காரர் வறுத்துக் கொடுப்பார். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் அந்த முகத்தைக் கவலை இல்லாமல் பார்க்கலாம்.

மற்ற நேரமெல்லாம் பயம். விசா பேப்பரைத் தூக்கிக்கொண்டு வேங்கிக்காலில் வெளிநாட்டவர் பதிவு செய்யும் ஆபீஸுக்குப் போகும் நாளில் அந்தப் பேப்பர்களை நாலு தடவை எண்ணிப் பார்ப்பார். தெருவில் யாராவது உற்றுப் பார்த்தால் பயம். ஊரில் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, அவர் போனை எடுக்காவிட்டால் பயம். இதெல்லாம் போகப் போகக் கொஞ்சம் கம்மியானது. ஒன்று மட்டும் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது. அது அவர் ஊருக்கு எழுத வேண்டிய கடிதம்.

2. இந்த மாசம் யாரு?

மிஷனரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்களை அனுப்பிய சபைகளுக்கு மாதம் ஒரு ஜெபக் கடிதம் எழுத வேண்டும். இந்த மாதம் என்ன நடந்தது, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒரு பக்கம், கூட இரண்டு போட்டோ. அதைச் சபையில் திரையில் போட்டு வாசிப்பார்களாம். ஜோயல் முதல் ஐந்து மாதத்தை எங்கள் ஊர் வெயிலைப் பற்றியும் தமிழ் வகுப்பைப் பற்றியும் எழுதி ஓட்டிவிட்டார். ஆறாம் மாதம் அங்கிருந்து ஒரு பெரியவர் பதில் போட்டார். எல்லாம் சந்தோஷம், உன் கையால் யாராவது குணமானார்களா என்று ஒரே வரி.

அன்றிலிருந்து மாதக் கடைசி வந்தால் ஜோயல் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி டிரெஸ்ஸிங் ரூமைச் சுற்றிச் சுற்றி வருவார். புண் காலண்டரைப் பார்த்து ஆறாது என்று நானும் எவ்வளவோ சொன்னேன். "தெரியும் அக்கா. ஆனா இந்த மாசம் யாரு?" என்பார்.

அந்த மாதம் அகப்பட்டவள் பச்சையம்மா. பத்து வருடப் பழக்கம், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். ஐம்பது வயது, ஊருக்கு வெளியே மகள் வீட்டில் இருந்துகொண்டு ஒரு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். ஜோயல் அந்தக் காலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டார். சாதாரண எலும்பு முறிவுக் கட்டு இல்லை இது. பாதத்தோடு முழுக்க ஒட்டி இருக்கும், பாரம் ஓரிடத்தில் விழாமல் பரவும். அவர் கட்டினால் ஒரு சுருக்கம் இருக்காது. கையில் அவ்வளவு பக்குவம்.

கடைசிக் கட்டைப் பிரித்த நாளில் புண் வாய் மூடியிருந்தது. மேலே பளபளவென்று மெல்லிய தோல். எங்கள் ரூமில் ஒரு சட்டம் உண்டு. மேலே மூடியதை நம்பாதே, ப்ரோப் வைத்துப் பார். ப்ரோப் என்பது முனை மழுங்கிய ஒரு மெல்லிய கம்பி. அது உள்ளே இறங்கினால் புண் ஆறவில்லை என்று அர்த்தம். பச்சையம்மாவின் பாதத்தில், மூடிய தோலின் ஓரத்தில், குண்டூசி முனை அளவுக்கு ஒரு துவாரம் என் கண்ணில் பட்டது.

அன்று தேதி முப்பது. ஜோயல் அதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டார். "ஆறிடுச்சு பச்சையம்மா. ஒரு போட்டோ எடுக்கலாமா?" என்றார். பச்சையம்மா காலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். ஜோயல் முகத்தில் அத்தனை நாள் நான் பார்க்காத நிம்மதி. ப்ரோப் என் கைக்கு எட்டும் தூரத்தில் ட்ரேயில் கிடந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பச்சையம்மா வீட்டுக்குப் போனாள், கடிதமும் அன்று சாயங்காலமே போய்விட்டது.

3. அதுவும் ஒரு செருப்புதான்

பத்து நாள் கழித்து, உணர்ச்சியற்ற காலுக்கென்று நாங்கள் செய்து தரும் மெத்தென்ற ரப்பர் செருப்புக்கு அளவு கொடுக்கப் பச்சையம்மா வந்தாள். வரும்போதே வாயெல்லாம் பல்.

"மவளுக்கு ஏழு வருஷம் கழிச்சிப் பேரன் பொறந்தானில்ல, வெறுங்கால்ல மலைய சுத்தறேன்னு வேண்டிக்கினு இருந்தேன். வர்ற பௌர்ணமிக்குப் போறேன் தம்பி" என்றாள் ஜோயலிடம்.

ஜோயல் காலைப் பார்த்தார். துவாரத்தில் கசிவு இருந்தது. அன்றைக்கு ப்ரோப்பை எடுத்தார். அரை அங்குலம் உள்ளே இறங்கியது. பச்சையம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை, அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேரன் புராணம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜோயல் முகம் வெளுத்துப் போனதை நான் மட்டும் பார்த்தேன். ஆறிவிட்டது என்று அவர் எழுதியதை முந்தின ஞாயிறுதான் அவர்கள் சபையில் வாசித்துக் கைதட்டியிருந்தார்கள்.

"வெறுங்கால் வேணாம்" என்றார். "கூடவே கூடாது."

"ஏன், ஆறிடுச்சுன்னீங்களே?"

"ஆறிடுச்சு. சேஃப்டிக்கு ஒரு கட்டு போடறேன்."

என்னைத் தனியாக அழைத்து, "கட்டு இருந்தா அவங்க வெறுங்கால்ல போக முடியாது அக்கா. மூணு வாரத்துல நெஜமாவே ஆறிடும். யாருக்கும் சொல்ல வேண்டாம், ப்ளீஸ்" என்றார். கசிகிற புண்ணை மூடிக் கட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார், அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நான் தலையாட்டிவிட்டு மாவைக் கரைத்துக் கொடுத்தேன்.

கட்டு காயும் வரைக்கும் பச்சையம்மா என்னோடு உட்கார்ந்திருந்தாள். கட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "யக்கா, நீ மலை ஓரத்துக்காரி. உனக்குத் தெரியும். இந்தக் கட்டோட சுத்துனா வெறுங்கால் கணக்குல சேருமா?" என்று கேட்டாள்.

"இம்மாம் பெரிய மாவுக்கட்டப் போட்டுக்கினு வெறுங்கால்னு சொன்னா அண்ணாமலையார் ஒத்துக்குவாரா? இதுவும் ஒரு செருப்புதான் போ" என்றேன்.

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவளைப் போகவிடாமல் நிறுத்த நல்ல வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பு. பச்சையம்மா சிரிக்கவில்லை. எதையோ யோசித்தபடி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் கெட்டது அவள் கால்.

4. எதிரே நடந்தது

பௌர்ணமி அன்று பகல் இரண்டு மணிக்கு அவள் மகள் போன் செய்தாள்.

"அம்மா காலைலேர்ந்து மாட்டுத் தொட்டியில கால வுட்டுக்கினு உக்காந்திருந்தாங்க மேடம். சூட்டுக்குன்னு நெனச்சேன். கட்டு நல்லா ஊறினதும் கத்தியால பேத்து எடுத்துட்டாங்க. கட்டுத் துண்டு தொட்டியில கெடக்குது. பன்னண்டு மணிக்கே கோயிலுக்கு பஸ் ஏறிட்டாங்களாம், இப்பதான் பக்கத்து வூட்ல சொன்னாங்க."

செருப்பு என்று நான் சொன்னேன். அதனால் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஜோயலிடம் விஷயத்தைச் சொன்னேன், நான் சொன்ன செருப்புப் பேச்சையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டவில்லை. காஸ் துணி, பேண்டேஜ், சலைன் பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, "எங்க இருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

பங்குனி வெயில். திதி காலையிலேயே பிறந்துவிட்டதால் பகலிலேயே கூட்டம். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு வருகிறவர்கள் நிழல் பார்த்து, மண் பார்த்து, தண்ணீர் ஊற்றிய இடம் பார்த்து ஓடுவார்கள். பச்சையம்மாவின் கால் அவளுக்கு எதையும் சொல்லாது. அவள் நேராக நடப்பாள்.

பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். என் ஸ்கூட்டியில் ஜோயலை ஏற்றிக்கொண்டு வயல் வழியாக அடி அண்ணாமலைக்குள் நுழைந்து வண்டியை எங்கள் வீட்டில் போட்டேன். கோயிலிலிருந்து கிளம்பியவள் இன்னும் எங்கள் ஊரைத் தாண்டியிருக்க மாட்டாள் என்பது என் கணக்கு. கூட்டத்துக்கு எதிரே நடந்தால் எங்காவது அகப்படுவாள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். பௌர்ணமி அன்று அந்தப் பாதையில் எதிரே நடப்பது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"எம்மா, எதிர்ல வரக் கூடாதும்மா. வயசானவங்க நீங்களே இப்டிப் பண்ணலாமா?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல நின்றால் ஒரு நிமிஷம் போய்விடும். ஜோயலை எல்லோரும் பார்த்தார்கள், இரண்டு பேர் போனைக்கூடத் தூக்கினார்கள். அவர் கழுத்தில் கிளினிக் அடையாள அட்டை, அதில் சிலுவை. கழற்றட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். "கெடக்கட்டும், ஆளத் தேடுங்க" என்றேன்.

நான் முகங்களைப் பார்க்கவே இல்லை, பாதங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ரோட்டில் சிவப்பாகத் தெரிந்த இடத்திலெல்லாம் குனிந்தேன். ஒன்று குங்குமம். ஒன்று வெற்றிலை எச்சில். ஒன்று தர்பூசணித் துண்டு. குனிந்து நிமிரும்போதெல்லாம் கண் இருட்டியது.

நடந்துகொண்டே ஜோயல் சொன்னார், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "எங்க ஊர்லயும் சாமி ஊர்வலம் உண்டு அக்கா. அம்மா வருஷா வருஷம் வெறுங்கால்ல போவாங்க. நான் பொறந்தப்ப மூச்சு வரல, அதுக்கு வேண்டுதல். காலேஜ் போனப்புறம் நான் வேற சர்ச்சுக்கு மாறிட்டேன். அம்மாகிட்ட, இது முட்டாள்தனம்னு சொன்னேன்."

வருணலிங்கம் சன்னதியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவளைப் பார்த்தோம். ஈர முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, நல்ல உற்சாகமாக வந்துகொண்டிருந்தாள். "யக்கா, நீயும் சுத்துறியா? எதிர்ல வரியே" என்று சிரித்தாள். அவள் வலது காலை எடுத்த இடத்தில் ஈரம் இருந்தது. அது குங்குமம் இல்லை.

ஜோயல் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அவள் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பளபளப்பான அந்தப் புதுத் தோல் இல்லவே இல்லை. புண் விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. குதிகாலிலும் விரல்களிலும் பெரிய கொப்புளங்கள், பாதி உடைந்து தோல் தொங்கியது. எத்தனையோ புண் பார்த்தவள் நான், பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"போதும் பச்சையம்மா. ஆஸ்பத்திரி போலாம்" என்றார் ஜோயல்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "பாதியில நின்னா கொழந்தைக்கு ஆவாது தம்பி. பாதிக்கு மேல வந்துட்டேன். வலிக்கவே இல்ல பாருங்க."

"வலிக்காது. அதான்டி உன் வியாதியே" என்று நான் கத்திவிட்டேன். "கட்டெல்லாம் செருப்பு கணக்குல வராது. அன்னிக்கு நான் விளையாட்டுக்குச் சொன்னேன்."

"அன்னிக்கு ஒண்ணு சொன்ன, இன்னிக்கு ஒண்ணு சொல்ற. நான் எத நம்புறது?" என்றாள்.

ஜோயல் காலைக் கழுவிக் கட்டிக்கொண்டே என்னைக் கேட்டார். "அக்கா, மீதிய வேற யாராவது நடக்கலாமா? அம்மாவுக்கு ஒரு வருஷம் நடுவுல காய்ச்சல் வந்துடுச்சு. பெரியம்மா முடிச்சாங்க."

நடக்கலாம். வீட்டில் ஒருவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர் சுற்றுவது எங்களிடமும் உண்டு. எனக்கு அது தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. நான் செருப்பைக் கழற்றினேன்.

"பேரனுக்கு இன்னா நட்சத்திரம்?"

"ரோகிணி."

"மீதிய நான் சுத்தறேன். சாமிகிட்ட சொல்லிட்டு என் கையில குடு."

பச்சையம்மா மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு மடியிலிருந்த கற்பூரப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். ஜோயல் அவளை முதுகில் சுமந்துகொண்டு, பாதை ஓரம் நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸைத் தேடிப் போனார்.

நான் திரும்பி, கூட்டத்தோடு நடந்தேன். நூறு அடிக்குள் உள்ளங்கால் கொதித்தது. நிழலுக்கு ஓடினேன், மண்ணுக்கு ஓடினேன், ஒவ்வொரு அடிக்கும் என் கால் என்னைத் திட்டியது. ஓடி ஒதுங்க முடிகிறதே என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. வெயில் சாய்ந்த பிறகு கோபுரத்துக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றி, ரோகிணி நட்சத்திரம் என்று சொன்னேன். அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறான். அதில் ஒரு குறையும் இல்லை.

5. பேனாக் கோடு

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே பாதம் வீங்கிச் சிவந்துவிட்டது. சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அந்த ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வைப்பார்கள். மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் விஷம் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். கணுக்காலைத் தாண்டி ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதல் நாள் கோடு பாதத்தின் நடுவில் இருந்தது. இரண்டாம் நாள் இரண்டு விரற்கடை மேலே. ஜோயல் காலையில் நேரே அங்கேதான் போவார், கோட்டைப் பார்ப்பார், எனக்குப் போன் செய்து எத்தனை விரற்கடை என்று மட்டும் சொல்வார். நான் அந்தப் போனுக்காகக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஆறிப் போகும், குடிக்க மாட்டேன். மூன்றாம் நாள் கணுக்கால் எலும்புக்குக் கொஞ்சம் கீழே. அன்று பெருவிரலையும் அதன் அடி எலும்பையும் எடுத்தார்கள். நான்காம் நாள் வழக்கமான நேரத்துக்குப் போன் வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு கூப்பிட்டு, "அதே இடம் அக்கா. ஏறல" என்றார். ஐந்தாம் நாள் சிவப்பு கோட்டை விட்டு இறங்கியது. கால் தப்பித்தது. விரல் போனது போனதுதான்.

அந்த மாதக் கடைசியில் ஜோயல் எழுதிய கடிதத்தை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். போன மாதம் ஆறிவிட்டது என்று எழுதியது தவறு, ஆறவில்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் பெண்ணிடம் மறைத்தேன், அதனால் அவர் விரலை இழந்துவிட்டார், எனக்காக அல்ல, அவருக்காக ஜெபியுங்கள் என்று இருந்தது. போட்டோ வைக்கவில்லை. அதற்கு என்ன பதில் வந்ததோ, எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்தையும் முடித்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

பச்சையம்மாவை டிஸ்சார்ஜ் செய்வதற்கு முதல் நாள் நாங்கள் இருவரும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றோம். ஜோயல்தான் ஆரம்பித்தார். "அந்தக் கட்டு போட்டப்ப புண் ஆறலன்னு எனக்குத் தெரியும். ஊருக்கு ஆறிடுச்சுன்னு எழுதிட்டேன். அதனால உங்ககிட்ட சொல்லல. மன்னிச்சிடுங்க." அதற்கு முன்னாலேயே துவாரத்தைப் பார்த்தவள் நான் என்பதை நானும் சொன்னேன்.

பச்சையம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கட்டுப் போட்ட காலை மெதுவாகத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"வேண்டுதலுக்கு நான் தேதியே வெக்கல தம்பி. கொழந்த பொறந்தா சுத்தறேன்னுதான் சொன்னேன், எந்த மாசம்னு சொல்லல. கால் ஆறிடுச்சுன்னு நீங்க சொன்னதாலதான் கெளம்புனேன். இன்னும் ஆறலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வூட்லயே இருந்திருப்பேனே. பௌர்ணமி மாசா மாசம் வருதே."

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பேஷண்டின் காலில் நீங்கள் கண்டதை அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வெட்கமாக இருந்தாலும் சொல்லுங்கள், அவர் அழுதாலும் சொல்லுங்கள். அந்தக் கால் அவருக்கு எதையும் சொல்லாது. நாமும் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?